ஒரு சாண் இடைவெளி

கராஜ் கதவு தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றது. ஒரு கணம் யோசிப்பதுபோல நடுங்கிவிட்டு, மறுபடி மேலே ஏறிப்போனது.

மார்லிஸ் மருந்துப் பையை மார்போடு அணைத்தபடி காரின் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். மணி நாலே முக்கால். வடக்கு எல்லையோரச் சிற்றூரான ரோசோவில் ஜனவரி மாதச் சூரியன் அதற்குள் ஊசியிலை மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வெளியே பனி நீலமாகக் கிடந்தது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி.

சுவரில் இருந்த பொத்தானை மறுபடி அழுத்தினாள். மோட்டார் கிழட்டு மாடு மாதிரி முனகியது. கதவு இறங்கியது. ஒரு சாண். நின்றது. ஏறியது.

தலைக்கு மேலே தரையில் கைத்தடி இரண்டு தரம் தட்டியது. இடுப்பு எலும்பு அறுவை முடிந்து பத்து நாளாகப் படுக்கையில் கிடக்கும் அவள் கணவன் ஆர்வித்தின் அறை கராஜுக்கு நேர் மேலே இருந்தது.

"கீழ என்னம்மா, புதுசா கதவு செஞ்சுக்கிட்டு இருக்கியா? கட்டில் வரைக்கும் குளிருது!"

"ஆமா, உங்க மூக்கு நீளத்துக்கு அளவெடுத்து செய்றேன். போர்வைய இழுத்துக்குங்க!"

சிரித்துச் சொன்னாலும் அவள் கண் கூரையில்தான் இருந்தது. அவன் அறைக்குப் போகும் தண்ணீர்க் குழாயும் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயும் அங்கேதான் ஓடின. இந்தக் குளிரில் கதவு ஒரு மணி நேரம் திறந்து கிடந்தால் இரண்டும் உறைந்து வெடிக்கும். அவனைத் தூக்கி வேறு அறையில் போட அவள் ஒருத்தியால் ஆகாது.

தம்பி எல்டனுக்குப் போன் போட்டாள். அவனுக்குக் கராஜ் கதவு ரிப்பேர்தான் பிழைப்பு. வீடு இருபது மைல் தள்ளி. நடுவில் பனி மூடியதால் சாலையை அடைத்திருந்தார்கள்.

"பதறாதக்கா. குளிருக்கு கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிடும். மோட்டாருக்கு பலம் பத்தல, அவ்வளவுதான். மோட்டார் பெட்டிக்குப் பின்னால ஒரு திருகு இருக்கும் பாரு. வலது பக்கம் ரெண்டு சுத்து சுத்து."

ஏணி போட்டு ஏறிச் சுற்றினாள். கதவு முன்னைவிட வேகமாக இறங்கியது. ஒரு சாண். ஏறியது.

"கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் சின்னக் கண்ணு மாதிரி இருக்குமே? பச்சை விளக்கு எரியுதா?"

"எரியுது."

"குறுக்க ஏதாவது வந்தா அணைஞ்சிடும். கதவு இறங்கும்போது அதையே பாரு."

பார்த்தாள். கதவு இறங்க இறங்கப் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. ஒரு சாண் வந்ததும் அணைந்தது. கதவு ஏறியதும் எரிந்தது.

குறுக்கே எதுவும் இல்லை. ஈரமில்லாத சிமெண்ட் தரை. அதற்கு அப்பால் பனியில் அவளுடைய டயர் தடம் மட்டும்.

"கண்ணைத் துடைச்சிட்டேன்டா. சுத்தமாத்தான் இருக்கு."

"சரி, பெட்டியில தொங்கற சிவப்புக் கயித்த இழுத்து மோட்டார்லேர்ந்து கதவ விடுவி. கையால இறக்கிப் பாரு."

இழுத்தாள். கதவு அவள் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது, பாரமே இல்லாமல். ஒரு சாண் உயரத்தில் நின்றது. முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினாள். கொஞ்சம் அமுங்கியது. பிறகு அவளை மெதுவாக மேலே தள்ளியது. மெத்தையில் கை ஊன்றியதுபோல இருந்தது. ஈரக் கம்பளியின் வாடை எங்கிருந்தோ வந்தது.

அவள் கையை உதறி எடுத்துக்கொண்டாள்.

"எல்டன்... அடியில ஏதோ இருக்கு."

"பாத்தியா?"

"ஒண்ணும் தெரியல."

"அப்போ கதவு அடியில இருக்கற ரப்பர் விறைச்சிருக்கும். உனக்கு அங்க ஒருத்தியா இருந்து மனசு குழம்புது. கயித்த மாட்டிட்டு சுவத்துப் பொத்தான விடாம அமுக்கிப் பிடி. அப்படிப் பிடிச்சா அது கண்ணைக் கேக்காது, நேரா இறங்கும். திருகையும் ஏத்தி வச்சிருக்கோம், நிக்கவும் நிக்காது. அதனால வழியில நிஜமா ஒண்ணும் இல்லைன்னு ஒரு தரம் பாத்துக்க."

பார்த்தாள். குனிந்து, டார்ச் அடித்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. ஒன்றும் இல்லை.

மேலே கைத்தடி தட்டியது. "மார்லி, குழாய்ல தண்ணி நூலாட்டம் வருது!"

அவள் பொத்தானை அழுத்தினாள். விடவில்லை.

கதவு இறங்கியது. பச்சை விளக்கு அணைந்தது. ஒரு சாணில் கதவு தட்டி நின்றது, மோட்டார் உறுமியது, கூரைத் தகடு அதிர்ந்தது. விட்டுவிடலாம் என்று விரல் சொன்னது. குழாய் என்று மனம் சொன்னது. இன்னும் அழுத்தினாள். கதவு இறங்கத் தொடங்கியது. மெதுவாக. எதிலோ புதைந்து புதைந்து. நீளமாக ஒரு மூச்சு வெளியேறும் சத்தம்.

தரையைத் தொட்டது. மோட்டார் நின்றது.

"யாரு அது முனகுனது?" என்றான் ஆர்வித் மேலிருந்து. இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"மோட்டார்தான்."

"மோட்டார் நின்னுடுச்சே, மார்லி. இன்னும் கேக்குதே."

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கதவின் அடியில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட வாயைத் திறந்தாள்.

விளக்கு அணைந்தது.

எரிந்தது.

அணைந்தது.

கதவு மூடித்தான் இருந்தது. அந்த விளக்கு கதவுக்கு உள்பக்கம் இருந்தது.

மோட்டார் பெட்டியின் பல்பு தன் நேரம் முடிந்து தானாக அணைந்தது. கதவின் மேல்வரிசைக் கண்ணாடிகளில் மட்டும் மிச்சமிருந்த நீல வெளிச்சம். வீட்டுக்குள் போகும் கதவு அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பத் தோன்றவில்லை. திரும்பினால் முதுகைக் காட்ட வேண்டும்.

"அக்கா? மூடிடுச்சா?" காதோரம் எல்டன் கேட்டான்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

காருக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஆவி எழுந்தது. யாரோ மூச்சு விடும் ஆவி. முதலில் தரையோடு தரையாக. கலைந்தது. அடுத்தது முழங்கால் உயரத்தில். அதற்கடுத்தது இடுப்பு உயரத்தில்.

எழுந்து நிற்க அதற்குக் கஷ்டமாக இருந்தது போலும். நிதானமாக எழுந்தது.

"அக்கா?"

அடுத்த மூச்சு அவள் முகத்துக்கு நேராக வந்தது.