சூடேறாத போன்

அந்த அலுவலகத்தில் அன்று காலை காணாமல் போனது ஒரு தாமதம். தொலைந்தால் எல்லாரும் கொண்டாடுகிற பொருள்தான். நத்தைக்கு மட்டும் அது சந்தேகமாக இருந்தது.

எதைத் திறந்தாலும் "மெதுவா இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே நத்தை என்று பெயர் வாங்கியவள் அவள். வலைப்பக்கங்களைச் செல்போனில் ஓட்டிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இந்த முறை வந்திருந்தது ஆம்புலன்ஸ் கூப்பிடும் பக்கம். எழுதியவன் அவளுடைய சொந்தத் தம்பி. ஏற்கெனவே இரண்டு வேலைகளைச் சொதப்பியிருந்தான். இதுவும் ஊற்றிக்கொண்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சோதனைக்கென்று இழுப்பறையில் மட்டமான பழைய போன் ஒன்று கிடந்தது. பாதிப் பேர் கையில் இருப்பது அந்த மாதிரிதான். நேற்று மாலை அதில் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்ததில் போன் அடுப்பாய்க் கொதித்தது. பக்கம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. இன்று அதே போன், அதே பக்கம். ஒவ்வொரு முறையும் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது.

நேற்று நெட் சரியில்லை, அவ்வளவுதான் என்றான் தம்பி. மேனேஜருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியம் பக்கத்தை வெளியிட வேண்டும், கையெழுத்தைப் போடுங்கள் என்று மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நான்காவது ஆளான படம் வரைகிற பெண்ணுக்கு வேறு கவலை. ஃப்ரீசரில் வைத்திருந்த பாலை நேற்று ராத்திரி எந்தப் புண்ணியவானோ வெளியே எடுத்துப் போட்டு, திரிந்து தொலைந்துவிட்டது, காபிக்கு வழியில்லை என்று புலம்பினாள்.

நத்தை பேனாவைத் திறந்தாள். தம்பி பிழைத்தான் என்று நம்பிவிட அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி. ஆம்புலன்ஸில் வருகிறவர் அடையாளம் கண்டுகொள்ள வீட்டு வாசலைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவள் அலுவலகக் கதவை எடுத்தாள். கதவு பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி வந்தது.

"கேமராவைத் துடைங்க," என்றார் மேனேஜர். படம் வரைகிற பெண்ணும் அதையே சொல்லிக் கைக்குட்டையை நீட்டினாள்.

"துடைச்சா போகாதுக்கா. கொஞ்ச நேரத்துல அதுவே போயிடும்," என்றான் தம்பி, கணினியிலிருந்து தலையைத் தூக்காமல்.

நத்தை துடைத்தாள். போகவில்லை. போனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இத்தனை ஓட்டம் ஓடியும் அதில் வெதுவெதுப்புக்கூட இல்லை. பேனாவை மூடிவிட்டுப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். பால் இருந்த இடத்தில், உறைபனியில் போன் அளவுக்கு ஒரு தடம்.

திரும்பி வந்து ஒவ்வொருவராகக் கேட்டாள். காலையில் அவள் இழுப்பறையிலிருந்து எடுக்கும்வரை போனைப் பார்க்கவே இல்லை என்றார் மேனேஜர். தொடவில்லை என்றாள் படம் வரைகிறவள்.

"நீ?"

"நானும் தொடலைக்கா."

நத்தை போனை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "போன் சூடானா, தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். நேத்து நின்னது அதனாலதான். பாலை வெளியே எடுத்துட்டு யாரோ இதை ராத்திரி ஃப்ரீசர்ல வச்சு, காலையில திரும்ப இழுப்பறையில போட்டிருக்காங்க. சூடேறுற வரைக்கும் நல்லா ஓடும்."

மேனேஜரின் நடை நின்றது. "யாரு?"

"ஈரம் கேமராக் கண்ணாடிக்கு உள்ள படிஞ்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் துடைக்கச் சொன்னீங்க. விஷயம் தெரியாதவங்க அதைத்தான் சொல்வாங்க. காலையிலயே துடைச்சுப் பார்த்தவனுக்குத்தான் அது போகாதுன்னு தெரியும்."

தம்பி மறுக்கவில்லை. பக்கத்தின் முகப்பில் விளக்கு சுழல ஓடுகிற ஆம்புலன்ஸ் படம்தான் போனைக் கொதிக்க வைக்கிறது, அது மேனேஜர் ஆசைப்பட்டுக் கேட்டது, அதை நீக்கச் சொல்ல வாய் வரவில்லை என்றான். நேற்றே சொல்லியிருந்தால் நீக்கித் தொலைத்திருப்பேனே என்றார் மேனேஜர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னார். அந்தப் படத்தை நீக்கியதும் கொதிக்கிற போனிலும் பக்கம் திறந்தது.

தம்பி பையைக் கட்டும்போது நத்தை பக்கத்தில் போய் நின்றாள்.

"தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்லக்கா?"

"வெயில்ல மூச்சு வாங்கிட்டு நிக்கிறவன், போனை ஃப்ரீசர்ல வச்சுட்டாடா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான்?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

"நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, கையெழுத்துப் போட்டிருப்பியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"போட்டிருப்பேன்டா," என்றாள்.