வெறும் பெட்டியின் மணி

மணி நின்றுவிட்டது.

குசினியில் பருப்பைத் துழாவிக்கொண்டிருந்த சத்தியபாமாவின் கையும் கூடவே நின்றது. பொழுது சாயத் தொடங்கியதிலிருந்து அந்தச் சனியன் பிடித்த மணி கிணுகிணுவென்று காதைக் குடைந்துகொண்டிருந்தது. எப்போது ஓயும் என்று சலித்துக்கொண்டதும் அவள்தான். ஆனால் அது இப்போது ஓயக் கூடாது. யன்னலுக்கு வெளியே, மெல்பேர்னுக்கு மேற்கே கிடந்த வெரிபீயின் மொட்டை வெளியில், காற்றாலையின் நான்கு இறக்கைகளும் மங்கலான வானத்தை அறுத்து அறுத்துச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கல் சுழலும்போது தானியப் பெட்டி வெறுமையாக இருந்தால் மணி அடித்தே ஆக வேண்டும். பெட்டியில் ஒரு பிடி கோதுமைகூட இல்லை.

வேட்டையாடவென்று முயலையும் நரியையும் கப்பலேற்றிக் கொண்டுவந்த இங்கிலாந்துக்காரன், ஊர் ஞாபகத்துக்கு ஒரு காற்றாலையையும் இங்கே கட்டிவைத்துவிட்டுச் செத்துப்போனான். நீராவி ஆலைகள் வந்ததும் அதைத் தேடுவாரில்லை. ஒரு புயல் இரண்டு இறக்கைகளை முறித்தது. மிச்சத்தைக் கறையானும் புறாவும் பார்த்துக்கொண்டன. எழுபத்தேழில், ஊர்ச் சபைக்குத் திடீரென்று பழமையில் காதல் பிறந்து திருத்த ஆள் தேடியபோது, வந்து மாட்டியவர் அவள் கணவர் வரதராஜா. கொழும்பில் எஞ்சினியராக இருந்தவர் மெல்பேர்னுக்கு வந்து கார்த் தொழிற்சாலையில் நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சபைக்காரர் முன்னால் ஆலை மா அரைத்துக் காட்டினால் நிரந்தர எஞ்சினியர் வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் நட்டு.

மணியைக் கண்டெடுத்தவரும் அவர்தான். மேல்தட்டில், திரிகைக் கல்லுக்கு மேலே இருந்த பெட்டியின் பக்கத்தில், அதன் நாக்கை யாரோ சாக்குத் துணியால் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டிவைத்திருந்தார்கள்.

"பெட்டியிலை தானியம் கிடந்தா அந்தப் பாரம் இந்த வாரை அழுத்திப் பிடிச்சிருக்கும், மணி அடியாது. வெறுமையானா வார் தளரும், அடிக்கும்," என்று சின்னப் பிள்ளைபோல் பூரித்து விளக்கினார். "வெறும் கல்லோடை கல்லு உரஞ்சினா நெருப்புப் பறக்குமெல்லே, அதுக்குத்தான்."

"அப்ப நாக்கைக் கட்டினவன் விசரனே? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதை ஏன் அவிழ்க்கிறியள்?"

அவர் சிரித்துக்கொண்டே அவிழ்த்தார்.

இன்று சனிக்கிழமை. ஊரிலிருந்து வந்த கடைசிப் போத்தல் நல்லெண்ணெயைக் காலையில் அவர் உச்சந்தலையில் வைத்து, சூடு பறக்க அவள்தான் தேய்த்துவிட்டாள். "பின்னேரம் கல்லை முட்டாமல் தூக்கி வச்சு வெறுமனே சுத்திப் பாக்கப் போறன். சமையலை முடிச்சுப்போட்டு வாரும்," என்று சொல்லிப் போனவர்.

அடுப்பை அணைத்தாள். விறாந்தையில் நாளைக்கென்று வைத்திருந்த ஒரே கோதுமை மூட்டை, தைத்த வாய் தைத்தபடியே நின்றது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

வெளியே தெற்குக் காற்று கழிவுநீர்ப் பண்ணையின் வாடையைச் சுமந்துகொண்டு முகத்தில் அடித்தது. இறக்கையின் நிழல் புல்லின்மேல் வந்து, அவளைக் கடந்து, மறுபடி வந்தது. கிட்டப் போகப் போகத்தான் அந்தச் சத்தம் பிடிபட்டது. பின்னேரம் முழுக்க வறட்சியாக இரைந்த கல் இப்போது வெற்றிலை சப்பும் வாய்போல மெதுமெதுவென்று அரைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பி ஓடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் உள்ளே அவர் இருந்தார்.

கீழ்த்தட்டில் அரிக்கன் லாம்பு எரிந்தது. மேலேயிருந்து இறங்கும் மரக் குழாயின் வாயில் கையை ஏந்தியபடி, தலைமுடிவரை மாப் படிந்து, அவளுக்கு முதுகு காட்டி நின்றார் வரதராஜா.

"பாமா, மா வருதப்பா! கொட்டினது காணும், இறங்கி வாரும்!" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

"இஞ்சருங்கோ."

திரும்பினார். வாசலில் அவளைக் கண்டார். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

"நீரெல்லே மேலை நிண்டு கொட்டுறீர்?"

"நான் இப்பத்தான் வாறன்."

"அப்ப... எனக்குப் பின்னாலை ஏணியிலை ஏறினது?"

இருவரும் மேலே பார்த்தார்கள். பலகை முனகியது. ஒரு அடி. பிறகு, சரசரவென்று எதையோ பெட்டிக்குள் சரிக்கும் சத்தம். மறுபடி ஒரு அடி.

அவள் மாவைத் தொட்டாள். இளஞ்சூடு. சாம்பல் நிறம். கோதுமை மணம் இல்லை. பழைய கம்பளிச் சட்டையும் யாரோ ஒருவரின் வியர்வையும் மணத்தது.

அவர் பாய்ந்து பிறேக் கயிற்றை இழுத்தார். கயிறு தொளதொளவென்று கையோடு வந்தது.

"வாங்கோ. போவம்."

அப்போது மணி அடித்தது.

கொட்டும் சத்தம் நின்றது. காலடி ஏணி வாய்வரை வந்தது. அங்கேயே நின்றது.

பலகை இடுக்குகளில் பொறி தெறித்தது. "கல்லு இறங்கிட்டுது, பாமா. எல்லாம் எரிஞ்சுபோம்!"

"எரியட்டும்! நட்டு முறுக்கிச் சீவிப்பம். எனக்கு நீங்கள் மட்டும் காணும்."

அவர் பொறிகளைப் பார்த்தார். தான் சீவிய மரங்களைப் பார்த்தார்.

"ஒரு நிமிசம். பெட்டியிலை பாரமா ஏதும் போட்டா பொறி நிண்டுடும்."

சட்டையைப் பிடித்தாள். பொத்தான் மட்டும் கையில் வந்தது. ஏணி வாய்க்குள் அவர் தலை போனது. தோள் போனது. பாதங்கள்.

மணி. மணி. மணி.

நின்றது.

கூக்குரல் இல்லை. பொறி இல்லை. கல் மெதுமெதுவென்று சப்பத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ?"

குழாய் வழியாக மா இறங்கியது. சூடாக. நல்லெண்ணெய் மணத்தது.

சத்தியபாமா சேலைத் தலைப்பை விரித்தாள். ஒரு பொட்டும் நிலத்தில் சிந்திவிடாமல் ஏந்திக்கொண்டு நின்றாள். தலைப்பு கனத்தது. இன்னும் கனத்தது. பிறகு குழாய் ஓய்ந்தது.

மேலே மணி அடித்தது.