எண்ணெய் மிதக்கும் கண்

தலைசுற்றல் என்று வந்த கிழவியின் ஸ்கேன் படத்தில் இடது கண்ணைச் சுற்றி ஒரு பட்டை தெரிந்தது; கண்ணுக்குள் பால் ஊற்றியது போல வெள்ளை. விழித்திரை கழன்றவர்களுக்கு அறுவை செய்து கட்டும் பட்டை, உள்ளே நிரப்பும் எண்ணெய். படம் பார்க்கும் டாக்டரான நெலிதா இண்டர்காமை அழுத்தினாள்.

"குமெர்சிந்தோ, இந்தம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்கா?"

"கேட்டேன் டாக்டர். கண்ணாடிகூடப் போட்டதில்லையாம்." ஸ்கேன் எடுப்பவன் சிரித்தான். "பகல் மணி பன்னெண்டாச்சு. இன்னிக்கு நம்ம ஒருரோ ஊர்ல செத்தவங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுக்கு வந்திருப்பாங்க. நீங்க டூட்டில உக்காந்திருக்கீங்க. படையல் மேஜைல ரொட்டி இல்லேன்னு உங்க வீட்டு அண்ணன் வந்து திட்டப்போறாரு."

இறந்தவருக்கு மூன்று வருடம், இந்த நாளில், படையல் மேஜை போட வேண்டும். அவள் கணவன் செவெரோவுக்கு இது கடைசி வருடம். நெலிதா போடவில்லை. அவன் வந்தால் எந்த முகத்தோடு எதிரே உட்காருவாள்?

பேருந்து கவிழ்ந்த அன்று, முகம் சிதைந்து வந்த ஒருவனின் ஸ்கேன் அவளிடம்தான் வந்தது. பெயர்: தெரியவில்லை. எண்ணெய் மேலே மிதக்கும், ரத்தம் கீழே இறங்கும். மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பதுதான். அவசரத்தில் பட்டையையும் பார்க்கவில்லை, வெள்ளை எந்தப் பக்கம் என்றும் பார்க்கவில்லை. கண்ணுக்குள் ரத்தம் என்று எழுதினாள். அதை நம்பி மயக்க மருந்து கொடுத்துக் கண்ணை அறுவை செய்தார்கள். அவன் மயக்கத்திலிருந்து எழவேயில்லை. செவெரோவின் விழித்திரை அறுவைக்குப் பிறகு நாற்பது நாள் அவளே தன் கையால் மருந்து விட்ட கண் அது. அந்த வெட்கம் இன்னும் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

திரையில் புதிதாக ஒரு ஸ்கேன் விழுந்தது.

பெயர்: தெரியவில்லை.

"யாரைப் படுக்க வச்சிருக்கே?"

"யாருமில்லையே டாக்டர். கிழவியை அனுப்பிட்டேன். மிஷினை நிறுத்திட்டு சாப்பிட்டுட்டிருக்கேன்."

சுவருக்கு அப்பால் மிஷின் சுழலும் ஓசை கேட்டது. பக்கவாட்டுப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதே பட்டை. வெள்ளை கண்ணின் முன்பக்கம் மிதந்தது, மல்லாந்து படுத்திருக்கிறான்.

"செவெரோ," என்றாள். "இப்ப தெரியுதுப்பா. நீதான்."

அழுதாள்.

அடுத்த படம். வெள்ளை உச்சிப் பக்கம் ஏறியிருந்தது. படுத்திருப்பவர் கண்ணில் எண்ணெய் அங்கே ஏறாது.

எழுந்துவிட்டான்.

மிஷின் ஓசை நின்றது. படங்கள் நிற்கவில்லை.

அடுத்தது. கண் பெரிதாகியிருந்தது.

அடுத்தது. இன்னும் பெரிதாக.

பிறகு திரை முழுவதும் ஒரே கண். அசையாத படத்துக்குள், யாரோ நடந்து வருவது போல, எண்ணெய் தளும்பிக்கொண்டிருந்தது.