மனிதர் படம் காட்டாத சங்கம்

சிகாகோவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மார்லிஸ் டுவெட்டுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. டுலூத்திலிருந்து பத்து மணி நேரம். வழி முழுக்க மடியை விட்டு இறக்காத தகர டப்பாவில் இரண்டே இரண்டு ஸ்லைடுகள்: ஒன்று இடது கண்ணுக்கு, ஒன்று வலது கண்ணுக்கு. உறைந்த ஏரியின் மேல் நிறுத்திய மீன்பிடிக் குடிலுக்குள் அவள் கணவன் ஓர்டெல் உட்கார்ந்து சிரிக்கும் படம். இருபது வருடமாக முப்பரிமாணப் படமே கதியென்று பாறையும் பாலமுமாக எடுத்துத் தள்ளியவள், கட்டியவனை அப்படி எடுத்தது ஒரே தடவைதான். மார்ச்சில் அவன் இறந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

வீட்டில் இருந்தது கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னப் பெட்டி. அதில் ஓர்டெல் கட்டைவிரல் உயரம். சிகாகோவின் முப்பரிமாணப் படச் சங்கத்திலோ இரட்டைப் புரொஜெக்டரும் சுவரகல வெள்ளித் திரையும் உண்டு. ஒரே ஒரு முறை அவனை ஆளுயரத்தில், கை நீட்டினால் தொடலாம் என்கிற மாதிரி பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சங்கம் கூடியது ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், ஞாயிறு மதியம். காபி, எலுமிச்சை கேக், இருபது நரைத்த தலைகள். படத்தின் ஆழம் தெரிய எல்லோருக்கும் அட்டைக் கண்ணாடி கொடுத்தார்கள். முதல் வரிசையின் நடு நாற்காலி மட்டும் காலி. விளக்கணைந்தது. கள்ளிப் பூ வந்தது, பனிமலை வந்தது, ரயில் எஞ்சின் வந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் மார்லிஸ் கவனித்தாள். எஞ்சினுக்கு டிரைவர் இல்லை. கடற்கரையில் ஒரு குழந்தை இல்லை. எந்தப் படத்திலும் ஒரு மனித முகம் இல்லை.

இடைவேளையில் அவள் டப்பாவை நீட்டினாள். புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ளும் லூப்பே ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தலைவர் வெண்டலைக் கூப்பிட்டாள்.

"இங்க ஆளுங்க படம் போடறதில்ல, மார்லிஸ்," என்றார் அவர்.

"சட்டமா?"

"பழக்கம்." சொல்லிவிட்டுக் காபிப் பக்கம் நழுவினார்.

லூப்பே குரலைத் தாழ்த்தினாள். "ப்ரௌட்டின்னு ஒரு நடுவர். நாப்பது வருஷம் அந்தக் காலி நாற்காலிலதான் உக்காந்து போட்டிப் படங்களுக்கு மார்க் போட்டார். மனுஷங்க படத்தைக் கெடுக்குறாங்கம்பார். ஆளு தெரிஞ்சா முட்டைதான். அவர் செத்தப்புறம் என் பொண்ணு ஊஞ்சல் ஆடற படத்தைப் போட்டேன். திருப்பி எடுத்தப்ப ஊஞ்சல் இருந்துச்சு. அவ இல்ல."

"ஐயையோ! பொண்ணு?"

"வீட்ல நல்லாத்தான் இருக்கா. ஸ்லைடுலதான் காணோம். உங்ககிட்ட வேற காப்பி இருக்கா?"

இல்லை. உலகத்திலேயே இது ஒன்றுதான். மார்லிஸுக்குக் கோபம் வந்தது. இருபது பேர், ஒரு செத்தவனுக்குப் பயந்து, சொந்தப் பிள்ளை குட்டி முகத்தை மறைத்துவைத்துக்கொண்டு பூவைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள்!

"அறுபது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு பனிச் சரிவுல ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான். போடுங்க."

"ஆழம் தெரியாம காலை விடாதீங்க."

"போடுங்கன்னேன்."

திரையில் ஓர்டெல் வந்தான்.

ஆளுயரத்தில் வந்தான். பல்லிடுக்கும் மூக்கின் தழும்பும் கை எட்டும் தூரத்தில் இருந்தன. மார்லிஸ் வாய்விட்டே அழுதாள், வெட்கப்படவில்லை.

அப்போது புளித்த ரசாயன வாடை அடித்தது. இருட்டறையில் படம் கழுவும் வாடை.

முதல் வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

திரையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கை எழுந்தது. படத்துக்குள் இருக்கிற கை அல்ல. படத்துக்கு முன்னால், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் நீண்ட கை. இருபது பேரும் சாய்ந்து ஒதுங்கினார்கள்.

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். கை இல்லை.

மாட்டினாள். இன்னும் நெருங்கியிருந்தது.

ஓர்டெல்லின் தோள் வெளிறத் தொடங்கியது.

"லைட்டைப் போடுங்க!" என்று யாரோ அலறினார்கள். மார்லிஸ் புரொஜெக்டரிடம் ஓடினாள். புதிதில் எல்லோரும் செய்து சிரிப்பு வாங்குகிற தப்பு ஒன்று உண்டு. இடது ஸ்லைடையும் வலது ஸ்லைடையும் மாற்றிச் செருகினால் முன்னால் இருப்பது பின்னால் போய்விடும். மூக்கு குழியாகும், பின்சுவர் முகத்தில் வந்து இடிக்கும். அவளும் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்று வேண்டுமென்றே செய்தாள். இரண்டையும் உருவினாள். விரல் சுட்டது. மாற்றிச் செருகினாள்.

நீண்டிருந்த கை வெடுக்கென்று உள்ளே இழுபட்டது. ஓர்டெல்லைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, குடிலின் பின்சுவருக்கும் அப்பால். அதன் பின்னாலேயே ஏதோ ஒன்று, ஒரு முழு உடம்பு, முதல் வரிசையிலிருந்து இழுபட்டுப் போனது. மார்லிஸ் ஸ்லைடுகளைப் பிடுங்கிக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓர்டெல் இருந்தான்.

"என்ன பண்ணீங்க?" என்று ஓடி வந்தார் வெண்டல்.

"இடம் வலம் மாத்திப் போட்டேன்."

"அது தப்பாச்சே!"

"தப்புதான். மார்க்கைக் குறைச்சுக்கோங்க."

அடுத்த மாதம் லூப்பே போன் செய்தாள். மகள் படம், கல்யாணப் படம், நாய்க்குட்டியோடு வெண்டல், எல்லாம் போட்டார்களாம். ஒன்றும் ஆகவில்லையாம். அந்த நாற்காலியில் இப்போது கோட்டுகளைப் போடுகிறார்களாம். மார்லிஸ் "சந்தோஷம்" என்று மட்டும் சொன்னாள்.

தன் வீட்டுச் சங்கதியை அவள் சொல்லவில்லை. தினமும் காலையில் சமையலறை ஜன்னலருகே நின்று அந்தச் சின்னப் பெட்டியைக் கண்ணில் வைக்கிறாள். குடிலின் பின்சுவரோடு ஒட்டி ஒல்லியாக ஒரு கிழவன் நிற்கிறான். வெளியே வரத்தான் பார்க்கிறான். ஓர்டெல் அதே சிரிப்போடு, கையைப் பின்னுக்கு நீட்டி அவன் காலரைப் பிடித்திருக்கிறான்.

"விட்டுடாதே," என்பாள் அவள். "அவனா நாமளான்னு பாத்துடலாம்."

நேற்று வரை ஒரு கையால்தான் பிடித்திருந்தான். இன்று காலை அவள் பார்த்தபோது இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.