செங்குத்துப் பாறையில் பூத்த ஆண் செடி

ஈப்போவில் நடந்த செடி வளர்ப்போர் கூட்டத்தில் கோகிலவாணி தன் தொட்டியை மேசைமேல் வைத்தபோது எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தைப்பிங்கில் பள்ளி வேன் ஓட்டுபவள் அவள். அடுக்குமாடி வீட்டின் பால்கனி முழுக்கப் பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் வளர்த்தாள். இலை நுனியில் மூடி போட்ட குடுவை தொங்கும். தேன் நக்க வரும் எறும்பு வழுக்கி உள்ளே விழுந்தால் அதுதான் செடிக்குச் சாப்பாடு. அன்று அவள் கொண்டுபோனது புக்கிட் செராய் மலையில் மட்டுமே வளரும் சிவப்புக் குடுவை. வெடி வைத்துச் சரிந்த மண்ணிலிருந்து பொறுக்கிவந்து அவள் பிழைக்க வைத்த செடி, முதன்முதலாகப் பூத்திருந்தது. அது பெண் பூ.

குடுவைச் செடிகளில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் செடியின் மகரந்தம் கிடைக்காவிட்டால் பூ விதை வைக்காமல் உதிர்ந்துவிடும். மலையையோ கல்லுடைப்பு நிறுவனம் ஒன்று முன்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தது. மலை போனால் அந்தச் செடியின் வம்சமே போய்விடும்.

கூட்டத் தலைவர் தர்மலிங்கம் பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அங்க ஆண் செடி கெடையாதும்மா. நான் ஏறாத மலையா அது? ஒரு படம் எடுத்து வச்சிக்க, அவ்ளோதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோகிலா தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க பாக்கலன்னு சொல்லுங்க சார். இல்லன்னு சொல்லாதீங்க. நான் போய்க் கொண்டாறேன்."

வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. சொல்லியாகிவிட்டது. பூ வாடுவதற்குள் போயாக வேண்டும்.

பள்ளி விடுமுறை நாளில் வேன் மலையடிவாரத்துக்குக் கிளம்பியது. உடன் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பக்கத்து வீட்டு ஜெசிந்தா. மண்ணே இல்லாமல் காற்றின் ஈரத்தைக் குடித்து வளரும் காற்றுச் செடிகளைச் சன்னல் கம்பியெங்கும் கட்டித் தொங்கவிட்டிருப்பவள். முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரி. மற்றவன் கோகிலாவின் சித்தப்பா மகன் புஷ்பநாதன். லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, யானை பலம். ஆனால் இரண்டாம் மாடியிலிருந்து கீழே பார்த்தாலே அவனுக்குக் கால் நடுங்கும். கயிற்றைச் சுமக்க மட்டும்தான் வருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

முன்பக்கம் கல்லுடைப்புக்காரர்களின் வேலி. அதனால் பின்பக்கத்துக் கிராமத் தலைவரிடம் சொல்லிவிட்டு ஓடை வழியாக ஏறினார்கள். கணுக்காலில் அட்டைகள் ஏறின. ஜெசிந்தா புகையிலைத் தண்ணீரைத் தடவித் தடவி உதறினாள். ஓடை முடிந்த இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் முதுகை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் ஊன்றி, தேய்த்துத் தேய்த்து மேலேறினார்கள். புஷ்பநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டே ஏறி முடித்தான்.

மேலே வந்ததும் கோகிலா அப்படியே நின்றுவிட்டாள். மலை முகட்டின் புதரெங்கும் சிவப்புக் குடுவைகள் தொங்கின. ஆனால் இடையிடையே மண் தோண்டிக் கிடந்தது. பிடுங்கிய வேர்களின் ஈரம்கூடக் காயவில்லை.

தோண்டியவன் தூரத்தில் இல்லை. நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஜெயபாலன், நிரம்பிய சாக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். விதையிலிருந்து வளர்த்தது என்று சொல்லி அவன் விற்கும் செடிகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்பது கோகிலாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. எப்படியும் வெடி வைத்துத் தூளாக்கப்போகிறார்கள், நான் எடுத்தால் என்ன என்று கேட்டான். அவர்கள் தேடிவந்தது ஆண் செடி என்று தெரிந்ததும் அவனே முகட்டின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கீழே காட்டினான். செங்குத்தான பாறையில், கைக்கெட்டாத ஆழத்தில் ஒரு சிறு விளிம்பு. அதில் ஒரே ஒரு செடி, நிமிர்ந்த பூந்தண்டோடு நின்றது. தண்டெங்கும் மஞ்சள் பொட்டுகள். ஆண் பூ!

தனியாக இறங்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஆள் கிடைத்த சந்தோஷத்தில் உதவிக்கு வந்தான். ஜெசிந்தா கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி, மறுமுனையைக் கோகிலாவின் இடுப்பில் கட்டினாள். முகட்டின் ஓரத்துக்கு வர மாட்டேன் என்று புஷ்பநாதன் மரத்தடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஜெயபாலன் முன்னால் நின்று பிடித்தான். கோகிலா மெல்ல இறங்கினாள். பாறை வழுக்கியது. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. விளிம்பில் கால் பட்டதும் மூச்சு வாங்கியபடி மடித்த காகிதத்தைப் பூந்தண்டின் கீழே பிடித்துத் தூரிகையால் தட்டினாள். மஞ்சள் தூள் கொட்டியது. காகிதத்தை மடித்து, ஈரம் புகாத டப்பாவில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

மழை பிடித்தது. இழுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள். கயிறு அசையவில்லை.

மேலிருந்து ஜெயபாலன் குனிந்து பார்த்தான். கயிற்றின்மேல் காலை வைத்து அழுத்தியிருந்தான்.

"செடிய வேரோட புடுங்கி இடுப்புல கட்டு. அப்பதான் இழுக்க விடுவேன்."

பாறையில் தண்ணீர் வழியத் தொடங்கியது. கோகிலா செடியைப் பார்த்தாள். அதன் வேர்கள் பாறை இடுக்கைக் கவ்விப் பிடித்திருந்தன.  விளிம்பில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான் புடுங்க மாட்டேன். எவ்வளவு நேரம் நிக்கிறியோ நில்லு. நானும் இங்கயே உக்காந்திருக்கேன்."

ஜெசிந்தா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்; அவன் தள்ளிவிட்டான். அப்போதுதான் புஷ்பநாதன் மரத்தடியை விட்டு எழுந்தான். கயிற்றை விடாமல், மண்டியிட்டு, உடம்பெல்லாம் நடுங்க, முகட்டின் ஓரம்வரை தவழ்ந்து வந்தான். அடியில்லாத அந்தப் பள்ளத்தைக் கண் திறந்து பார்த்தான். பிறகு ஜெயபாலனின் காலை ஒரு கையால் பற்றிக் கயிற்றிலிருந்து தூக்கி, அவனைப் புதர்ப் பக்கம் தள்ளிவிட்டான்.

"எங்கக்காவ இழுக்க நீ வேணாம்" என்றான். அவனும் ஜெசிந்தாவுமாக இழுத்தார்கள். கோகிலா மேலே வந்து சேற்றில் கவிழ்ந்து கிடந்தாள். சட்டைக்குள் டப்பா பத்திரமாக இருந்தது.

ஜெயபாலன் சாக்குகளைத் தூக்கப் போனான். ஜெசிந்தா தன் கைப்பேசியை உயர்த்திக் காட்டினாள். அவன் முகமும் சாக்கும் அதில் பதிவாகியிருந்தன. எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவன் காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டான். மழையிலேயே மூவரும் அந்தச் செடிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டார்கள். திரும்பும்போது நேராக வன அலுவலகத்துக்கு வண்டியை விட்டாள் கோகிலா.

பால்கனிப் பூ இன்னும் வாடியிருக்கவில்லை. மஞ்சள் தூளைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தாள். சில நாளில் பூவின் அடி பருத்தது. காய் வெடித்தபோது முடியைப்போல் மெல்லிய விதைகள் குவிந்தன. அடுத்த கூட்டத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அவற்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். தர்மலிங்கமும் வரிசையில் நின்றார். தான் சரியாகத் தேடவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் அவர் கையை நீட்டினார். கோகிலா அவருக்கு ஒரு பொட்டலம் கூடவே கொடுத்தாள்.

மலையில் வெடிச்சத்தம் நிற்கவில்லை. வன அலுவலகம் முகட்டை அளக்க ஆள் அனுப்பியிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் பினாங்கிலும் குளுவாங்கிலும் சிரம்பானிலும் யார் யார் வீட்டு நிழலிலோ அந்த விதைகள் முளைத்துவிட்டன. கடுகளவு குடுவைகளுக்குள் இப்போதே ஒரு துளி தண்ணீர் நிற்கிறது.

அந்த ஆண் செடி நிற்கும் இடத்தைக் கேட்டு இன்றும் அவளுக்குத் தொலைபேசி வருகிறது. விதை வேண்டுமானால் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்று அவள் சொல்வாள். விடாமல் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்.

"அது அங்கதான் இருக்கு. இருக்கட்டும்."