நாலு காலில் நின்ற மருமகள்

விடிந்ததிலிருந்து மாமியாரின் தையல் மெஷின் நிற்கவே இல்லை. கோபம் வந்தால் அவர் பேசுகிற ரகம் இல்லை, மிதிக்கிற ரகம். சின்னக் கோபத்துக்கு நடுநடுவே நூல் அறும், ஊசி மாறும். இன்று ஒரே ஓட்டம்.

சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மருமகளுக்கு அந்தச் சத்தத்திலேயே பாதி உயிர் போய்விட்டது. மீதிப் பாதியை இடுப்பு வாங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாத வயிறு முன்னால் போக, முதுகெலும்பு முடிகிற இடத்தில் யாரோ கத்தரிக்கோலைச் செருகிவிட்டு எடுக்க மறந்தது போல ஒரு வலி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நின்றால் வலி, உட்கார்ந்தால் வலி. படுத்தால் எழுந்திருப்பது தனிக் கதை. அவள் கணவனுக்கு லிப்ட் பழுதுபார்க்கிற வேலை. ஊரையே பன்னிரண்டாவது மாடிக்குத் தூக்கிவிடுகிறவன், பெண்டாட்டியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது மட்டும் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் விழிப்பான்.

டீயோடு அவள் முன்னறைக்கு வந்ததும் மெஷின் நின்றது.

"அங்கேயே வை. உன் கையால டீ குடிச்சேன்னு அதுக்கும் ஒரு பேர் வரும்."

நேற்று மாலை நடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. மாமியார் இருபது வருஷமாகச் சீருடை தைத்துக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். தலைமை ஆசிரியை அறைக் கதவைச் சாத்திவிட்டு, மிக மெதுவாக, மிக மரியாதையாகக் கேட்டிருக்கிறார்... வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தினமும் மண்டிபோட்டுத் தரை துடைக்க வைப்பது நன்றாகவா இருக்கிறது என்று. சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் மாமியாரும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். மரியாதையாகக் கேட்டதில்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

செய்தி கிளம்பிய இடம் எதிர்வீடு. அங்கே இருக்கிற அம்மாளுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். காலையில் துணி காயப்போட வரும்போதெல்லாம் எதிர் ஜன்னலில் அவர் பார்த்தது, ஒரு பெரிய வயிறு கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, முழங்காலுக்கடியில் ஒரு துணியோடு, முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டிருப்பதை. பார்த்ததைத்தான் சொன்னார். அதில் பொய் இல்லை. அதுதான் சங்கடமே.

"அத்தை, நான் தரை துடைக்கலை. அது... அது உடற்பயிற்சி."

சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் திருடன் குரல் போலக் கேட்டது.

"நாலு கால்ல நிக்கிறதா?"

"ஆமா அத்தை. இடுப்பு வலிக்கு. ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க."

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது அங்கே பயிற்சி சொல்லித் தருகிற பெண் செய்து காட்டியது அது. பூனை சோம்பல் முறிப்பது போல முதுகை மெதுவாக மேலே வளைத்து, மெதுவாக நேராக்க வேண்டும். பத்து தடவை. அப்படி நிற்கும்போது வயிற்றின் பாரம் தரையைப் பார்த்துத் தொங்கும், இடுப்பு மூச்சு விடும். ஒரு நாளில் அவளுக்குக் கிடைத்த விடுமுறையே அந்தப் பத்து நிமிஷம்தான். படுக்கையறையில் செருப்பு விடத்தான் இடம் இருந்தது. அதனால் மாமியார் தைத்த துணிகளைக் காஜா போடக் கொடுத்துவிட்டு வரப் போகிற நேரம் பார்த்து, முன்னறையில் செய்தாள். ஒளித்துத்தான் செய்தாள். முதல் முறை வலிக்கிறது என்று சொன்னபோது மாமியார் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே, "வலிக்கத்தான் செய்யும்" என்றிருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி என்ன பேசுவது?

மாமியார் வேலைக்குக் கிளம்பி நின்ற மகனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதும்மா" என்றான் அவன். நல்லவன், பொய் சொல்லத் தெரியாதவன். அந்த ஒரு சொல்லில் அவளைக் கிணற்றில் தள்ளிவிட்டு, ஏன் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் நின்றான்.

ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள், படம் போட்டு. அது கிடைத்தால் போதும். பையில் தேடினாள், மெத்தைக்கடியில் தேடினாள், அலமாரியின் கீழ்த்தட்டில் குனிந்து தேடி, நிமிர முடியாமல் அப்படியே கொஞ்ச நேரம் அலமாரியோடு அலமாரியாக இருந்தாள். கிடைக்கவில்லை.

"என் பேரை ஊர்ல விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டே. பரவாயில்லை. உங்க அண்ணனை வரச் சொல்லு. பிள்ளை பிறக்கிறவரைக்கும் அங்கேயே இரு. அப்புறம் பார்க்கலாம்."

அந்த அப்புறம் பார்க்கலாம்தான் அவளை அசைத்துவிட்டது. அண்ணன் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தாயில்லாத பெண் அவள். பிரசவ அறை வாசலில் தனக்காக ஒருத்தி நிற்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் எழுதி வைத்திருந்தது இந்த மாமியாரைத்தான். அந்த மனுஷி வாசல் வரை கொண்டுவந்து விடாமலே போகச் சொல்கிறார். இந்தப் பழியோடு படி இறங்கினால் திரும்பி ஏறும்போது அவள் மருமகளாக இருக்க மாட்டாள், விருந்தாளியாகத்தான் இருப்பாள்.

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தாய் கையைக் காட்டினார். மூடிக்கொண்டான்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். வாடகை வண்டி பிடித்துக்கொண்டு பதினோரு மணிக்குள் வருவதாகச் சொன்னான். நாலு புடவையை மடித்துப் பையில் வைப்பதற்குள் நாலு முறை உட்கார வேண்டியிருந்தது. பையோடு முன்னறைக்கு வந்தபோது மாமியார் மேஜைமேல் துணியை விரித்து, சட்டைக் காலர்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வரேன் அத்தை. மாத்திரையை மறந்துடாதீங்க. அலமாரி மேல் தட்டுல இருக்கு."

சாக்கட்டி காலர் அளவு அட்டையின் ஓரத்தோடு ஓடியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி முதுகிலிருந்து தொடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நாடகம் என்பார்கள்.

அப்போது காலர் அட்டைமேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. மாமியாருக்கே அது அவமானமாக இருந்திருக்க வேண்டும். முந்தானையால் அவசரமாகத் துடைத்தார். துடைத்த கை நின்றுவிட்டது. தையல்காரருக்கு அளவு அட்டையில் கண் போவது ஓரத்துக்குத்தான், நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பழைய அட்டை நைந்துபோய், போன வாரம் மேஜைமேல் கிடந்த ஏதோ ஒரு கெட்டிக் காகிதத்தை வெட்டி அவர் செய்துகொண்ட அட்டை இது. முப்பது காலராவது வெட்டியிருப்பார். இப்போதுதான் நடுவைப் பார்த்தார். பெரிய வயிற்றோடு ஒரு பெண். கையும் முழங்காலும் தரையில். முதுகின்மேல் ஒரு வளைந்த அம்புக்குறி.

அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுக்குத் தலை இல்லையே" என்றார்.

"நீங்க வெட்டிட்டீங்க அத்தை."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனால் மாமியார் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். மகன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, அதைத் தாயிடம் திருப்பிக் கொடுப்பதா மனைவியிடம் கொடுப்பதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"குறையுதா?" மாமியார் கேட்டார்.

"எது அத்தை?"

"இப்படி நின்னா... வலி குறையுதா?"

"அந்தப் பத்து நிமிஷம் குறையும்."

மாமியாரின் உதடு கோணியது. மகன் வயிற்றில் இருந்தபோது பிரசவத்துக்கு முந்தின நாள் வரை மெஷின் மிதித்ததையும், இடுப்பு விட்டுப்போகிறது என்று அழுததையும், அந்த வலி இன்னும் தன்னை விட்டுப் போகாததையும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வீட்டில் யாருக்கும் இதுவரை தெரியாத கதை.

"வலிக்கத்தான் செய்யும்னு எனக்குச் சொன்னாங்க. அதையே உனக்கும் சொல்லிட்டேன். எனக்கு வேற சொல்லத் தெரியலைம்மா... பயந்து ஒளிஞ்சு பண்ணுற அளவுக்கு உன்னை வெச்சிருந்தேனே, அந்த டீச்சர் கேட்டதுல என்ன தப்பு?"

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை."

அவள் பையைப் போட்டுவிட்டுப் போய் அவர் தோளைப் பிடித்தாள். நடுவில் வயிறு இருந்ததால் பக்கவாட்டில்தான் கட்டிக்கொள்ள முடிந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். கேட்க வேண்டியதை அவன் கேட்டுவைத்தான்: "அப்போ அண்ணன் வராரே, என்ன பண்றது?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமியார் எழுந்தார். தைத்து அடுக்கியிருந்த சட்டைகளை ஒதுக்கிவிட்டு, தன் சால்வையை இரண்டாக மடித்துத் தரையில் விரித்தார்.

"செய். நான் பார்க்கிறேன்."

அவள் செய்தாள், முதல் முறையாக யாருக்கும் பயப்படாமல். மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார். மூன்றாவது தடவையில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே, தானும் மண்டியிட்டார்.

"முதுகை எங்கே வளைக்கணும்?"

"இங்கே அத்தை. மெதுவா. மூச்சை விடுங்க."

வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்த அண்ணன், தங்கையும் அவள் மாமியாரும் தரையில் நாலு காலில் நிற்பதையும், மாப்பிள்ளை ஒரு துண்டு அட்டையோடு எண்ணிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றான்.

"உட்காருங்க தம்பி" என்றார் மாமியார் தரையிலிருந்தே. "வண்டியை அனுப்பிடுங்க. இவ எங்கேயும் வரலை. எங்களுக்கு இன்னும் ஆறு பாக்கி இருக்கு."