காணாமற்போன இரண்டாம் திருத்தம்

காலை 8.10. கிறிகோரியின் மேசை வெறுமையாகக் கிடந்தது. நேற்று மாலை அவர் தட்டச்சில் அடித்து முடித்த இருபது பக்கங்களைக் காணோம். வேறு பிரதி கிடையாது.

லண்டன் தொலைக்காட்சிக்கும் சினிமாவுக்கும் நாற்பது வருடம் திரைக்கதை எழுதியவர். பலெர்மோவில் ஓய்வு என்று சொல்லிக்கொண்டே கடைசிப் படத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

8.25. போலீசுக்குத் தொலைபேசியில் அவர் சொன்ன பெயர் கேசிகா. ஆறு வருடமாக அவருக்குச் சமைத்து, வீடு துடைக்கும் இலங்கை வன்னிப் பெண். களவு என்று ஒரு வரி பதிவானால் போதும், அடுத்த மாதம் அவளுடைய பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, புதுப்பிக்கப்படாது.

அன்று அந்த வீட்டில் பேசியது இத்தாலியன்தான். கேசிகாவின் காதில் அது ஊர்ப் பேச்சாகவே விழுந்தது.

"அறைத் திறப்பு உன்னட்டைத்தானே இருக்கு?" என்று கிறிகோரி சாவியைக் கேட்டார்.

"ஓம். மற்றது கதவிலை தொங்குது, சிஞ்ஞோர்."

தாள் வாங்கியவளும் அவள்தான். திரைக்கதைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: முதற்படி வெள்ளைத் தாளில், முதல் திருத்தம் நீலத்தில், இரண்டாவது இளஞ்சிவப்பில். நேற்றுக் கபோச் சந்தையில் இளஞ்சிவப்புக் கிடைக்காமல் பச்சையை வாங்கி வந்தாள். முணுமுணுத்துக்கொண்டே கிழவர் அதில் அடித்தார்.

விருந்தாளி அறையிலிருந்து ஸ்டெஃபானி வந்தாள். முப்பது வருடம் அவரோடு சேர்ந்து எழுதியவள். நேற்று இரவு ஒன்பதுக்கு வந்திறங்கி, சாப்பிடாமலே படுத்துவிட்டாளாம்.

"நான் அந்த அறைப் பக்கமே போகேல்லை," என்றாள். "உந்தப் பச்சைத் தாளுகளை இவளை விட்டால் ஆர் எடுக்கப்போயினம்?"

கேசிகா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"சிஞ்ஞோர், தாளின்ரை நிறத்தை இவவுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"நானும் சொல்லேல்லை."

"தொழில் செய்யிற எனக்குத் தெரியாதோ?" என்றாள் ஸ்டெஃபானி. "இரண்டாம் திருத்தம் எண்டால்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"றோஸ்," என்றாள் கேசிகா. "தொழில் தெரிஞ்ச ஆள் பார்க்காமல் சொன்னால் றோஸ் எண்டுதான் சொல்லும். பச்சை எண்டு சொல்ல, மேசையைப் பார்த்திருக்க வேணும். எடுத்தது நீங்கள்தான். சூட்கேசைத் திறவுங்கோ."

பக்கங்கள் உள்ளேதான் இருந்தன. முப்பது வருடமாக இருவர் பெயரும் வரும் தலைப்புப் பக்கத்தில் இப்போது கிறிகோரியின் பெயர் மட்டும்.

9.05. கிறிகோரி தொலைபேசியை எடுத்தார். "போலீசை வரவேண்டாம் எண்டு சொல்லுறன். வெளியிலை தெரிஞ்சால் எங்கட பேர் கெட்டுப்போகும்."

கேசிகா அதை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

"வரட்டும், சிஞ்ஞோர். என்ரை பேரைக் குடுத்துத்தானே கூப்பிட்டனீங்கள். எடுத்த ஆளின்ரை பேரை எழுதிக்கொண்டு போகட்டும்."